உருகியது என்று யார் சொல்வது?



'செய்தியின் மொழி' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அந்தத் தலைப்பை முழுதாக எடுத்தால் நாம் யாரும் இன்று வீடு போய்ச் சேர மாட்டோம். அதனால் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மெல்ட்டவுன். ஆங்கில நாளிதழ் படிக்கிற எவருக்கும் பழக்கமான சொல். பங்குச் சந்தை ஒரே நாளில் சரிந்தால் மெல்ட்டவுன். கிரிக்கெட்டில் பத்து ஓவருக்குள் ஏழு விக்கெட் போனால் மெல்ட்டவுன். படப்பிடிப்பில் நடிகர் கத்தித் தீர்த்தால் மெல்ட்டவுன். கடைக்குள் குழந்தை தரையில் புரண்டு அழுதாலும் அதுவேதான். 2018 ஜனவரியில் கணினிச் சில்லுகளில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தபோது அதைக் கண்டுபிடித்தவர்கள் அதற்கும் மெல்ட்டவுன் என்றே பெயர் வைத்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அணு உலையும் ஒன்று உண்டு. அந்தச் சொல் தன் நேரடிப் பொருளில் நிற்க வேண்டிய இடம் அதுதான். கவனித்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. எதுவும் உருகாத இடங்களில் இந்தச் சொல் தாராளமாகப் புழங்குகிறது. உண்மையில் உருகிய இடங்களில், அதைச் சொல்ல வேண்டியவர்கள் வாயிலிருந்து வரவே இல்லை, அல்லது மிகத் தாமதமாக வந்தது. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

சொல்லின் பிறப்பு சாதுவானது. உலோகத்தை உருக்குகிறவர்களின் பட்டறைச் சொல். 1930களில் அமெரிக்க ஐஸ்கிரீம் தொழிலில் அது புழங்கியது. வெளியே எடுத்து வைத்த ஐஸ்கிரீம் எவ்வளவு நேரத்தில் எப்படிக் கரைகிறது என்பதுதான் அங்கே மெல்ட்டவுன். ஐஸ்கிரீம் ஆய்வுக்கூடங்களில் இன்றும் அந்தச் சோதனை நடக்கிறது, இன்றும் அதற்கு அதே பெயர். 1950களில் அணுப் பொறியாளர்கள் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். 1955 நவம்பரில் ஐடஹோவில் இபிஆர்-1 என்ற சிறிய சோதனை உலையின் கருப்பகுதி ஓரளவு உருகியது. 1966 அக்டோபரில் டெட்ராய்ட் நகருக்குப் பக்கத்தில் ஃபெர்மி உலையில் சில எரிபொருள் கட்டுகள் உருகின. பொறியாளர்களுக்கு இதெல்லாம் தொழில் விவரம். அந்தச் சொல்லைக் கேட்டால் ஊர் நடுங்கும் நிலை அப்போது வரவில்லை.

உலை ஏன் உருகுகிறது என்பதை இரண்டு நிமிடம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல நிருபர்கள் வழுக்குகிற இடம் இது. உலையை நிறுத்தினால் அணுப் பிளவு நின்றுவிடும். சூடு நிற்காது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுவது போல என்று செய்திகளில் எழுதுவார்கள். அது தவறு. தோசைக்கல்லில் இருப்பது பழைய சூடு. உலையில் பிளவின் மிச்சப் பொருள்கள் சிதைந்துகொண்டே புதிய சூட்டை உண்டாக்குகின்றன. நிறுத்திய கணத்தில் அது முழுத் திறனில் 6 அல்லது 7 விழுக்காடு இருக்கும். ஒரு நாளில் அது அரை விழுக்காட்டு அளவுக்கு இறங்கும், ஆனாலும் பெரிய உலையில் அரை விழுக்காடும் பெரிய சூடுதான். தண்ணீர் ஓட்டம் நின்றுபோனால் எரிபொருளைச் சுற்றியுள்ள சிர்க்கோனியக் குழாய்கள் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடுகின்றன, அந்த வினையே இன்னும் சூட்டைக் கூட்டுகிறது. 2,800 டிகிரி செல்சியசை ஒட்டி யுரேனியம் ஆக்சைடே உருகிவிடும். சூடு சேதத்தைத் தருகிறது, சேதம் மேலும் சூட்டைத் தருகிறது. இந்தச் சுழற்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1979 மார்ச் 16 அன்று அமெரிக்காவில் 'தி சைனா சிண்ட்ரோம்' என்ற படம் வெளியானது. ஜேன் ஃபோண்டா அதில் தொலைக்காட்சி நிருபராக வருவார். ஓர் அணு மின் நிலையத்தில் நடந்ததை நிர்வாகம் மறைக்க, அதை வெளியே கொண்டுவரப் போராடும் கதை. உருகிய உலைக்கரு பூமியைத் துளைத்துக்கொண்டு சீனா வரை போய்விடும் என்ற பொறியாளர் கேலியிலிருந்து வந்தது படத்தின் பெயர். (அமெரிக்காவுக்கு நேர் எதிர்ப்புறத்தில் இருப்பது சீனா அல்ல, இந்தியப் பெருங்கடல். கேலிக்குப் பூகோளம் எதற்கு?) விபத்து நடந்தால் பென்சில்வேனியா மாநிலம் அளவுக்கு ஒரு பரப்பு வாழ முடியாததாகிவிடும் என்று படத்தில் ஒரு பாத்திரம் சொல்கிறது. அணு மின் தொழில்துறை படத்தைக் கண்டித்தது.

படம் வந்த பன்னிரண்டாம் நாள், மார்ச் 28 விடிகாலை நான்கு மணிக்கு, அதே பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் நிலையத்தின் இரண்டாம் உலையில் ஒரு வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டது. தண்ணீர் வெளியேறிக்கொண்டிருந்தது. கருவிகள் காட்டியதைத் தவறாகப் புரிந்துகொண்ட, உலையை இயக்கிய ஊழியர்கள், தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று எண்ணி அவசரக் குளிர்விப்பைக் குறைத்தார்கள். உலைக்கரு தண்ணீருக்கு வெளியே நின்றது.

அன்று காலை துணை ஆளுநர் வில்லியம் ஸ்கிரான்டன் நிருபர்களைச் சந்தித்து, எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்றார். நிறுவனம் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தது. மாலைக்குள் அவரே மீண்டும் வந்து, நிறுவனம் முதலில் சொன்னதைவிட நிலைமை சிக்கலானது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. இரண்டு நாள் கழித்து நிறுவனத்தின் துணைத் தலைவர், தாங்கள் செய்கிற ஒவ்வொன்றையும் உங்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று நிருபர்களிடமே எரிந்து விழுந்தார். நூற்றுக்கணக்கான நிருபர்கள் வந்து குவிந்திருந்த இடம். அவர்களில் பலருக்குக் கதிர்வீச்சை அளக்கும் மில்லிரெம் என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்தவர்களுக்கோ பதில் சொல்ல ஆளில்லை.

மெல்ட்டவுன் என்ற சொல் வெகுமக்கள் பேச்சில் ஏறி உட்கார்ந்தது அந்த வாரத்தில்தான். மார்ச் 30 அன்று, மெல்ட்டவுன் அபாயம் உண்டு என்று அரசின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தைச் சேர்ந்தவரே சொன்னதாகச் செய்தி நிறுவனம் ஒன்று அனுப்பியது. அதே நாளில் ஆளுநர் டிக் தார்ன்பர்க், ஐந்து மைலுக்குள் இருக்கும் கர்ப்பிணிகளும் பள்ளி வயது எட்டாத குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்றார். ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் தாமாகவே ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். மறுநாள் இரவு, உலைக்குள் திரண்டிருக்கும் ஹைட்ரஜன் குமிழி வெடிக்கக்கூடும் என்று இன்னொரு செய்தி வந்தது. உள்ளே ஆக்சிஜன் இல்லாததால் அது வெடிக்க வழியில்லை என்று பிறகு தெளிவானது. ஆனால் கணக்கைத் தவறாகப் போட்டது நிருபர் அல்ல, ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆட்கள்.

பத்திரிகைகள்தான் பீதியைக் கிளப்பின என்ற குற்றச்சாட்டு உடனே கிளம்பியது. குடியரசுத் தலைவர் கார்ட்டர் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார். அதன் தலைவர் டார்ட்மவுத் கல்லூரியின் தலைவராக இருந்த கணிதப் பேராசிரியர் ஜான் கெமனி. கணினி படித்தவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும், பேசிக் மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர். அந்தக் குழு பத்திரிகைச் செய்திகளையும் தனியே அலசியது. விபத்தின் நிலைமையைப் பற்றி வந்த செய்திகளில் அச்சமூட்டும் கூற்றுகளைவிட ஆறுதல் தரும் கூற்றுகளே அதிகம் என்று 1979 அக்டோபர் அறிக்கை சொன்னது. எனக்கு இது மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. ஊரே பத்திரிகையை ஊதிப் பெருக்கியதாகத் திட்டிக்கொண்டிருக்க, எண்ணிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது நேர் எதிரானது.

அதைவிடப் பெரிய விஷயம் பிறகு நடந்தது. 1982 ஜூலையில் ஒரு சிறிய கேமராவைக் கயிற்றில் கட்டி உலைக்குள் இறக்கினார்கள். எரிபொருள் தண்டுகள் நிற்க வேண்டிய இடத்தில் ஐந்தடி ஆழத்துக்கு வெற்றிடம், அதற்குக் கீழே இடிபாடு. 1985-ல் இன்னும் கீழே பார்த்தபோது, உருகிய பொருள் கலத்தின் அடிப்பகுதி வரை வழிந்து உறைந்திருப்பது தெரிந்தது. மொத்தத்தில் உலைக்கருவில் ஏறத்தாழ பாதி உருகியிருந்தது. இருபது டன் அளவுக்கு அடியில் போய்த் தங்கியிருந்தது. எஃகுக் கலம் தாங்கிக்கொண்டது, வெளியே பெரிய அளவில் கதிரியக்கம் கசியவில்லை. இது பொறியாளர்களுக்குப் பெருமை தரும் உண்மை. ஆனால் 1979-ல் 'மெல்ட்டவுன் அபாயம்' என்று எழுதி வசவு வாங்கியவர்கள் எழுதிய அந்த வாரத்தில், அபாயம் என்ற நிலையை உலை தாண்டிப் போயிருந்தது. முதல் நாள் காலையிலேயே உருகி முடிந்துவிட்டது. அதைச் சொல்லும் படம் வந்தபோது நிருபர்கள் வேறு ஊர்களில் வேறு செய்திகளைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

செர்னோபில் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 1986 ஏப்ரல் 26 அங்கே நடந்தது முதலில் வெடிப்பு. உருகல் அதன் பின்விளைவு. மாஸ்கோ வாய் திறக்க இரண்டு நாள் ஆயிற்று, திறந்தபோதும் சில வரிதான். அந்த மௌனத்தில் மேற்கத்தியச் செய்தி நிறுவனம் ஒன்று கீவ் நகரிலிருந்து வந்த ஒரு குரலை நம்பி, இரண்டாயிரம் பேர் இறந்திருக்கலாம் என்று அனுப்பியது. முதல் மாதங்களில் இறந்தவர்களின் அதிகாரபூர்வ எண்ணிக்கை 31. அதிகாரி அடைத்த இடத்தில் வதந்தி வந்து குடியேறியதற்கு இதைவிட நல்ல பாடம் இதழியல் வகுப்பில் கிடைக்காது.

செர்னோபில் நடந்து ஒன்றரை ஆண்டில் சொல் வால் ஸ்ட்ரீட்டுக்குக் குடிபெயர்ந்தது. 1987 அக்டோபர் 19, திங்கள்கிழமை. டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 508 புள்ளி, அதாவது 22.6 விழுக்காடு விழுந்தது. நியூயார்க் பங்குச் சந்தையின் தலைவர் ஜான் ஃபெலன் அன்று மாலை நிருபர்களிடம், நிதி மெல்ட்டவுனுக்கு இவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்தது போதும் என்ற பொருளில் பேசினார். கறுப்புத் திங்கள் என்ற பெயரோடு 'மெல்ட்டவுன் மண்டே' என்பதும் சேர்ந்துகொண்டது.

இந்த இடத்தில் என் கருத்து உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் ஃபெலன் பக்கம். அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது நியாயம். அன்று விற்பனையைப் பெருக்கியவற்றில் ஒன்று, விலை இறங்கினால் மேலும் விற்கும்படி அமைக்கப்பட்ட கணினி வழி முதலீட்டுப் பாதுகாப்புத் திட்டங்கள். விற்றதால் விலை இறங்கியது, விலை இறங்கியதால் மேலும் விற்றார்கள். சற்று முன் சொன்ன சுழற்சி அப்படியே இருக்கிறது. அங்கே உருவகம் வெறும் சத்தம் அல்ல, நடந்த விதத்தையே காட்டுகிறது. இன்னொரு நுட்பமும் கவனிக்கத் தக்கது: மெல்ட்டவுனுக்குப் 'பக்கத்தில்' என்றுதான் அவர் சொன்னார். அந்தப் 'பக்கத்தில்' தலைப்புகளில் உதிர்ந்துவிட்டது. இரண்டே ஆண்டில், 1989 ஆகஸ்டில், சந்தை பழைய உச்சத்தைத் தொட்டது. உருகிய உலைக்கரு அப்படி மீண்டும் தண்டாக நிமிராது.

அதற்குப் பிறகு வந்த பயன்பாடுகளில் பெரும்பாலானவை, அந்தச் சுழற்சி இருக்கிறதா என்ற சோதனையில் தேறமாட்டா. 2008-ல் லேமன் பிரதர்ஸ் திவாலான வாரங்களில் தேறும். ஒரு வங்கியின் மேல் நம்பிக்கை போனது அடுத்த வங்கியின் மேலும் நம்பிக்கையைத் தின்றது. ஆனால் சென்செக்ஸ் மூன்று விழுக்காடு இறங்கிய நாளில்? ஒரு பேட்டிங் வரிசை சுழற்பந்தில் தடுமாறிய நாளில்? பெரியது என்று காட்ட ஒரு பெரிய சொல், அவ்வளவுதான். விளையாட்டுப் பக்கத்தில் அதை எழுதினால் யாருக்கும் நட்டமில்லை என்பீர்கள். உடனடி நட்டம் இல்லைதான். தினமும் கேட்ட சொல்லுக்குக் காது மரத்துவிடுகிறது.

2011 மார்ச் 11. ஜப்பானில் நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தில் மின்சாரம் போய்விட்டது. மறுநாள் பிற்பகல், அரசின் அணுப் பாதுகாப்பு முகமையின் செய்தித் தொடர்பாளர் கோயிச்சிரோ நாகமுரா, முதலாம் உலையில் கரு உருகியிருக்கக்கூடும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதன்பின் செய்தியாளர் சந்திப்பில் அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்தார். நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனம் 'உலைக்கருச் சேதம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது.

ஜப்பானிய மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ஆங்கிலத்திலிருந்து வந்த 'மெருத்தோதவுன்' ஒன்று. 'ரோஷின் யோயூ' என்ற சொந்தக் கலைச்சொல் இன்னொன்று, உலைக்கரு உருகல் என்று அதற்கு நேர்ப்பொருள். அயல்சொல் காதில் இடிக்கும், கலைச்சொல் மென்மையாக இறங்கும் என்று நாம் நினைப்போம். டெப்கோ அந்தக் கலைச்சொல்லையும் சேர்த்தே தவிர்த்தது. அமெரிக்கத் தாள்கள் மார்ச் 13-லேயே 'பகுதி மெல்ட்டவுன்' என்று எழுதத் தொடங்கின. வெளிநாட்டு நிருபர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று ஜப்பானில் கண்டனம் எழுந்தது. மே மாதம் 12-ம் தேதி முதலாம் உலை உருகியதை டெப்கோ ஒப்புக்கொண்டது. 24-ம் தேதி இரண்டாம், மூன்றாம் உலைகளையும் சேர்த்துக்கொண்டது. இரண்டு மாதம்.

அந்த வாரங்களில் தமிழ்ச் செய்தி மேசைகளும் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டின. நமக்கு ஒரு தனிச் சிக்கல். 'உலை' என்றால் நம் வீட்டில் அரிசி வேகிற உலை. 'உருகுவது' பக்திக்கும் காதலுக்கும் உரிய வினை. இரண்டையும் சேர்த்து 'உலை உருகியது' என்று எழுதினால் ஆங்கிலச் சொல்லில் உள்ள அதிர்ச்சி வராது. ஆகவே சிலர் மெல்ட்டவுன் என்றே போட்டார்கள், சிலர் 'வெடித்தது' என்று எழுதினார்கள். இரண்டாவது சரியில்லை. அங்கே வெடித்தது உலை அல்ல, கட்டடத்தின் மேற்பகுதியில் சேர்ந்த ஹைட்ரஜன். நான் 'உலைக்கரு உருகியது' என்பதன் பக்கம் வாக்களிப்பேன். அதிர்ச்சி குறைவாக இருந்தால் இருக்கட்டும், உருகிய பொருள் எது என்று அது சொல்லிவிடுகிறது.

அதே ஆண்டில் இடிந்தகரையில் கூடங்குளம் போராட்டம் சூடுபிடித்ததும், ஃபுகுஷிமாவின் காட்சிகள் அங்கே திரும்பத் திரும்பப் பேசப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். கூடங்குளத்தில் உள்ள ரஷ்ய வகை உலைகளுக்கு அடியில் கோர் கேட்சர் என்ற அமைப்பு இருக்கிறது. கரு உருகிக் கலத்தைத் துளைத்து இறங்கினால் பிடித்து வைத்துக் குளிர்விப்பதற்கான தொட்டி அது. அது ஒரு நல்ல பாதுகாப்பு ஏற்பாடு. ஆனால் அதைப் பெருமையாகச் சொல்லும்போதே, எதைப் பிடிக்க அந்தத் தொட்டி என்று கேட்பவருக்கும் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். உருகலே நடக்காது என்று சொல்லிக்கொண்டே உருகலுக்குத் தொட்டி கட்டியதாகச் சொன்னால் ஊர்க்காரர் காது கொடுத்துக் கேட்கமாட்டார். பொறியாளர் எழுதும் வடிவமைப்பு ஏட்டில் கூச்சமில்லாமல் இருக்கிற சொல், மக்களிடம் பேசும் மேடைக்கு வந்ததும் கூசுகிறது.

2016-க்கு வருகிறேன். நீகாத்தா மாநிலத்தில் டெப்கோவுக்கு இன்னொரு பெரிய அணு மின் நிலையம் உண்டு. அந்த மாநில அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, 2011-ல் ஏன் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் டெப்கோ ஒன்றை அறிவித்தது: எரிபொருளில் 5 விழுக்காட்டுக்கு மேல் சேதமடைந்தால் அதை 'உலைக்கரு உருகல்' என்று கூற வேண்டும் என்று நிறுவனத்தின் சொந்தக் கையேட்டிலேயே எழுதியிருந்ததாம். கதிர்வீச்சு அளவீடுகளை வைத்துப் போட்ட கணக்கின்படி, 2011 மார்ச் 14-லேயே முதலாம் உலையில் சேதம் பாதிக்கு மேல். மூன்றாம் உலையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மார்ச் மாதத்தில் உலகத்துத் தொலைக்காட்சிகள் எல்லாம், மெல்ட்டவுனா இல்லையா என்று நிபுணர்களை உட்கார வைத்து விவாதித்துக்கொண்டிருந்தன. அந்தக் கேள்விக்கு நிபுணர் கருத்தே வேண்டியதில்லை. உங்கள் விதிப்படி எத்தனை விழுக்காட்டைத் தாண்டினால் அந்தப் பெயர்? இப்போது எத்தனை? இந்த இரண்டு எண்களும் டெப்கோவின் ஏடுகளில் இருந்தன. நம் ஊர் அலுவலகங்களிலும் வறட்சி, கொள்ளைநோய், வெள்ளம் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு வரையறை ஏதோ ஒரு கையேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அடைமொழியைப் பற்றி அதிகாரியிடம் வாதாடுவதைவிட அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குவது பயன் தரும்.

அதே ஆண்டு ஜூனில், டெப்கோ அமர்த்திய வழக்கறிஞர்கள் குழு தன் அறிக்கையைத் தந்தது. 2011 மார்ச் 14 மாலை துணைத் தலைவர் சாக்காயே முட்டோ நிருபர்கள் முன் உட்கார்ந்திருந்தபோது, நிறுவனத்தின் மக்கள் தொடர்பு ஊழியர் ஒருவர் அவரிடம் ஒரு குறிப்புத் தாளைக் கொடுத்துக் காதில் ஏதோ சொன்னார். 'உலைக்கரு உருகல்' என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம் என்பது தலைவர் மசாத்தாகா ஷிமிஸு அனுப்பிய உத்தரவு. பிரதமர் அலுவலகத்தின் விருப்பம் இது என்றும் அப்போது சொல்லப்பட்டது. இதெல்லாம் காட்சிப்பதிவில் இருக்கிறது. நேரலையாக ஒரு சொல் கொல்லப்படுவதைக் கேமரா பிடித்திருக்கிறது, அன்று பார்த்தவர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை.

ஜூன் 21 அன்று அப்போதைய தலைவர் நவோமி ஹிரோஸே தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். மறைப்பு என்று மக்கள் நினைப்பது இயல்பே என்றும் ஒப்புக்கொண்டார். பிரதமராக இருந்த நவோத்தோ கானும் அமைச்சரவைத் தலைமைச் செயலராக இருந்த யூகியோ எதானோவும் தாங்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று மறுத்தார்கள். வழக்கறிஞர்கள் குழு பிரதமர் அலுவலகத்தில் இருந்தவர்களை விசாரிக்கவே இல்லை. ஆகவே ஷிமிஸுவிடம் அந்தச் சொல்லை நிறுத்தச் சொன்னது யார் என்பது அந்த அறிக்கையில் ஏறவில்லை. உங்களில் யாராவது ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால், அந்தக் காட்சிப்பதிவிலிருந்து தொடங்கலாம்.